இரும்புச் சட்டியின் அடி: முக்காலிலிருந்து கண்ணாடி அடுப்பு வரை

வார்ப்பிரும்புச் சட்டியின் உட்புறம் முந்நூறு ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. எண்ணெய் ஏறிக் கறுத்த அதே பரப்பு, அதே கனம், சூட்டை எளிதில் விடாத அதே குணம். மாறியதெல்லாம் அடிப்பகுதிதான். 17ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சட்டிக்கு மூன்று கால்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வாணலிக்கு அடியில் ஒரு வளையம் இருந்தது. இன்றைய வாணலியின் அடி முழுத் தட்டை. ஒவ்வொரு முறையும் அடுப்புதான் முதலில் மாறியது. அதற்கு ஏற்றபடி சட்டியின் அடி பின்னால் மாறியது. கண்ணாடிப் பரப்பு கொண்ட மின் அடுப்பில் இரும்புச் சட்டியை வைக்கலாமா என்று இன்று எழும் கேள்விக்கு இந்த நீண்ட வரலாற்றில்தான் விடை இருக்கிறது.

தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அதில் 2 முதல் 4 சதவீதம் வரை கரிமம் கலந்தால் 1150 டிகிரியை ஒட்டியே உருகி, நீர்போல அச்சுக்குள் ஓடும். அதுவே வார்ப்பிரும்பு. சம்மட்டியால் அடித்து வளைக்க முடியாது, அடித்தால் உடையும். ஆனால் எந்த வடிவத்திலும் ஊற்றி எடுக்கலாம். சீனர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே இதைக் கைக்கொண்டுவிட்டனர். கி.மு. 117இல் ஹான் அரசு இரும்புத் தொழிலை முழுவதுமாகத் தன் தனியுரிமையாக்கிக்கொள்ளும் அளவுக்கு அங்கே அது பெருகியிருந்தது. ஐரோப்பாவில் ஊதுலைகள் பரவி வார்ப்பிரும்பு வழக்கத்துக்கு வர 15ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

அந்தக் கால ஐரோப்பிய வீடுகளில் சமையல் திறந்த கணப்பில் நடந்தது. தரையோடு தரையாக விறகு எரியும். அதன் மேலே சங்கிலியில் அல்லது கொக்கியில் பானை தொங்கும். இல்லையென்றால் தணல் மீதே நிற்கும். தணல் ஒருபோதும் சமமாக இருக்காது. நான்கு கால் வைத்தால் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும். வயிறு உருண்டையாக இருந்ததால் தீ சுற்றிலும் தழுவியது. வறுக்கும் சட்டிக்கும் மூன்று கால்; நீண்ட கைப்பிடியோடு அது நின்ற தோற்றத்தால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் சிலந்தி என்றே பெயர் பெற்றது. தட்டை அடிக்கு அந்த அடுப்பில் ஒரு வேலையும் இல்லை.

சட்டி ஏழை வீடுகளை எட்டுவதற்கு விலை தடையாக இருந்தது. நல்ல பானைகள் பித்தளையிலோ வெண்கலத்திலோ செய்யப்பட்டன. இரும்பில் வார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு பானைக்கும் களிமண் கலவையால் தனி அச்சு செய்து, உலர்த்தி, வார்த்தபின் அந்த அச்சை உடைத்தெறிய வேண்டும். ஒரு பானைக்கு ஓர் அச்சு என்ற கணக்கு.

இந்தக் கணக்கை மாற்றியவர் ஆபிரகாம் டார்பி. 1678இல் இங்கிலாந்தின் டட்லி நகருக்கு அருகே குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பர்மிங்ஹாமில் மால்ட் அரைக்கும் எந்திரங்கள் செய்யும் தொழில் பயின்று, 1699இல் பிரிஸ்டலுக்குப் போனார். அங்கே 1702இல் கூட்டாளிகளோடு பித்தளை ஆலை தொடங்கினார். பித்தளையை வார்க்கப் பயன்பட்ட மணல் அச்சு முறையை, உருண்டை வயிற்று இரும்புப் பானைக்கும் கொண்டுவர முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். ஈர மணலில் மாதிரியை அழுத்தி எடுத்தால் அதன் வடிவம் பதியும். உருகிய இரும்பை ஊற்றி, ஆறியபின் மணலை உதறிவிட்டு அதே மணலை மறுபடி பயன்படுத்தலாம். மாதிரியும் சேதமாகாது. ஆனால் வயிறு பருத்த மாதிரியை மணல் சரியாமல் வெளியே எடுப்பது எப்படி, மெல்லிய சுவர் முழுவதும் இரும்பு உறைவதற்குள் பரவச் செய்வது எப்படி? ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞனும் டார்பியும் சேர்ந்து இதைத் தீர்த்தனர். 1707இல் டார்பிக்குக் காப்புரிமை கிடைத்தது.

அடுத்த ஆண்டு அவர் ஷ்ராப்ஷயரில் செவர்ன் ஆற்றை ஒட்டிய கோல்புரூக்டேலில், பழுதடைந்து கிடந்த ஓர் ஊதுலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1709இல் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியால் அதில் இரும்பை உருக்கினார். நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டு எடுப்பதே கல்கரி. தொழிற்புரட்சியின் முதல் படிகளில் ஒன்றாக இந்த நிகழ்ச்சி பாடநூல்களில் இடம்பெறுகிறது. பாலங்களும் நீராவி எந்திரங்களும் அதன் புகழைப் பெற்றுக்கொண்டன. டார்பியின் பேரன் 1779இல் செவர்ன் மீது எழுப்பிய இரும்புப் பாலத்தின் படம்தான் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் கல்கரி முறையைத் தொடக்க காலத்தில் தாங்கி நிறுத்தியது சமையல் பானைதான் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்கரியில் உருக்கிய இரும்பில் சிலிக்கன் மிகுதி. கொல்லர்கள் அடித்துச் செய்யும் தேனிரும்பாக அதை மாற்றுவது கடினம். ஆகவே பட்டறைகள் பல பத்தாண்டுகள் அதை ஏற்கவில்லை. அதே சிலிக்கன் இரும்பை நன்றாக ஓடச் செய்தது. மெல்லிய சுவரையும் வார்க்க முடிந்தது. பானைக்கு அதைவிடப் பொருத்தமான இரும்பு கிடையாது. கோல்புரூக்டேலில் வார்த்த பானைகள் செவர்ன் வழியாகப் படகேறின. இரும்புச் சட்டி எளியவர் வாங்கும் பொருளானது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் மாசசூசெட்ஸில் 1646இல் இயங்கத் தொடங்கிய சாகஸ் இரும்பாலையிலும் சட்டிகள் வார்க்கப்பட்டன. அந்தக் கால வார்ப்பு முறையின் அடையாளம் சட்டியின் அடியிலேயே இருக்கிறது. அச்சில் பானை தலைகீழாக இருக்கும். இரும்பு அடிப்பக்கத்துத் துளை வழியே ஊற்றப்படும். உறைந்தபின் அந்தத் தண்டை உடைத்து எடுத்தால் ஒரு தழும்பு நிற்கும். பழைய சட்டிகளில் அது வட்டமான குமிழ். பின்வந்தவற்றில் அடியின் குறுக்கே ஓடும் நீண்ட கோடு. கால்கள் இருந்தவரை அந்தத் தழும்பு எதையும் தொடாது. யாருக்கும் அது பொருட்டில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊற்றும் வாயைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். அதன்பின் அடி துப்புரவானது. பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தே சட்டியின் காலத்தைக் கணிக்கிறார்கள்.

கால்களுக்கு முடிவு கட்டியது மூடிய அடுப்பு. திறந்த கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாவதைப் பார்த்த ரம்ஃபோர்டு பிரபு, 1790களில் மியூனிக்கில் செங்கல்லால் அடைத்த அடுப்புகளைக் கட்டினார். மேலே வட்ட வாய்கள். அவற்றில் பானைகள் பாதி இறங்கி நின்றன. 1802இல் எக்ஸிடர் நகரின் ஜார்ஜ் போட்லி மேற்புறம் இரும்புப் பலகையால் மூடிய அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் 1834இல் ஃபைலோ ஸ்டூவர்ட் காப்புரிமை பெற்ற ஓபர்லின் அடுப்பு முழுக்க வார்ப்பிரும்பால் ஆனது. குடியேறும் குடும்பங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகத்தக்கது. அடுப்பும் இரும்பு, அதன் மேல் நின்ற சட்டியும் இரும்பு. சில இடங்களில் இரண்டும் ஒரே ஆலையில் வார்க்கப்பட்டன.

இந்த அடுப்பின் மேற்பலகையில் வட்டக் கண்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. மூடியை எடுத்துவிட்டால் தீ நேரே சட்டியில் படும். மூடியை விட்டுவைத்தால் மிதமான சூடு. கொடியடுப்பின் வாயில் பானை உட்காருவதுபோல, கண்ணின் விளிம்பில் சட்டி சரியாக அமர வேண்டும். அமராவிட்டால் இடுக்கு வழியே புகை அறைக்குள் வரும். ஆகவே அடியின் ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய வளையத்தை உயர்த்தி வார்த்தார்கள். அதுதான் வெப்ப வளையம். அது கண்ணின் விளிம்போடு பொருந்தியது. சட்டியை வழுக்காமல் பிடித்தது. சூட்டில் அடி சற்று வளைந்தாலும் சட்டியை ஆடாமல் தாங்கியது. சட்டியின் அளவைக் குறிக்கும் எண்களும் அடுப்புக் கண்ணிலிருந்து வந்தவையே. 8ஆம் எண் சட்டி 8ஆம் எண் கண்ணுக்கு. அந்த அடுப்புகள் போய் நெடுங்காலம் ஆகியும் வாணலிக் கைப்பிடிகளில் அந்த எண் நின்றுவிட்டது.

வெப்ப வளையத்தின் பொற்காலம் அமெரிக்காவில் அமைந்தது. பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1865இல் தொடங்கிய செல்டன் - கிரிஸ்வால்ட் பட்டறை முதலில் கதவுக் கீல்கள் போன்ற சில்லறை இரும்புச் சாமான்களைச் செய்தது. பிறகு கிரிஸ்வால்ட் என்ற பெயரில் வாணலிகளுக்குப் புகழ்பெற்றது. ஒஹாயோ மாநிலத்தின் சிட்னி நகரில் 1891இல் வாக்னர் நிறுவனம் எழுந்தது. டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க்கில் ஜோசப் லாட்ஜ் 1896இல் பிளாக்லாக் வார்ப்பகத்தைத் தொடங்கினார்; 1910இல் அது எரிந்துபோனது. சில தெருக்கள் தள்ளி லாட்ஜ் என்ற பெயரிலேயே மறுபடி எழுந்தது, இன்றும் இயங்குகிறது. ஈரியிலும் சிட்னியிலும் செய்த வாணலிகள் மெல்லியவை, இலகுவானவை. வார்த்தபின் உட்பரப்பைச் சாணைபிடித்து வழவழப்பாக்கும் வேலைக்குத் தனி ஆட்கள் இருந்தார்கள். கைவேலையின் அந்தத் தரத்தை இன்றைய மலிவான வாணலிகளோடு ஒப்பிட்டால், இழந்தது என்ன என்பது கையில் எடுத்த மாத்திரத்தில் தெரியும்.

எரிவாயு அடுப்பும் மின் அடுப்பும் பரவியபோது கண் மறைந்தது, வளையத்தின் தேவையும் மறைந்தது. 1893 சிகாகோ உலகப் பொருட்காட்சியில் மின்சாரச் சமையலறை காட்சிக்கு வைக்கப்பட்டது. மின்சுருள் அடுப்பு வீடுகளில் பரவ இன்னும் சில பத்தாண்டுகள் பிடித்தன. 1940களில் கிரிஸ்வால்ட் வாணலிகளின் அடி வளையமில்லாமல் மழமழவென்று வந்தது. ஆனால் அதற்குள் வாணலியின் காலமே சாயத் தொடங்கியிருந்தது. இலேசான அலுமினியமும், 1950களில் பிரான்சிலிருந்து வந்த டெஃப்லான் பூச்சும் சமையலறைகளை எடுத்துக்கொண்டன. 1957இல் ஈரி ஆலையின் வார்ப்பு வேலை நின்றது. லாட்ஜ் 1965இல் தானியங்கி அச்சுக்கு மாறியது. சாணைபிடிக்கும் வேலை நின்றுபோய், வாணலிகள் மணல் அச்சின் சொரசொரப்போடே கடைக்கு வந்தன. ஆலையிலேயே எண்ணெய் பூசிப் பழக்கிய வாணலிகளை 2002இல் அந்நிறுவனம் விற்கத் தொடங்கியபிறகே இளைய தலைமுறை இரும்புக்குத் திரும்பியது.

கண்ணாடி அடுப்பின் கதை நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் ஒரு பழுதான உலையில் தொடங்குகிறது. 1953இல் கார்னிங் நிறுவன வேதியியலாளர் டொனால்ட் ஸ்டூக்கி, ஒளிக்கு வினைபுரியும் ஒருவகைக் கண்ணாடித் தகட்டை 600 டிகிரிக்குச் சூடாக்க உலையில் வைத்தார். வெப்பக் கட்டுப்பாடு வேலை செய்யாததால் உலை 900 டிகிரியைத் தாண்டியது. கண்ணாடி உருகி உலையைக் கெடுத்திருக்கும் என்று எண்ணித் திறந்தவர் வடிவம் மாறாத வெண்ணிறத் தகட்டைக் கண்டார். வெளியே எடுக்கும்போது இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. உலோகம்போல ஓசையெழுப்பியது, உடையவில்லை.

அந்தத் தகடு கண்ணாடியிலிருந்து கண்ணாடி-செராமிக்காக மாறியிருந்தது. கண்ணாடிக்குள் எண்ணற்ற நுண்படிகங்கள் வளர்ந்திருந்தன. பின்னர் வந்த அடுப்புத் தகடுகளில் இந்தத் தத்துவம் இன்னும் நுட்பமானது. லித்தியம், அலுமினியம், சிலிக்கன் ஆக்சைடுகள் கலந்த அந்தப் பொருளில் வளரும் படிகங்கள் சூடேறும்போது சுருங்கும். சுற்றியுள்ள கண்ணாடி விரியும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் தகட்டின் அளவு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. சாதாரணக் கண்ணாடி சூட்டில் வெடிப்பதற்குக் காரணம் ஒருபக்கம் விரிய மறுபக்கம் விரியாமல் நிற்பது. விரிவே இல்லையென்றால் வெடிப்பும் இல்லை. செந்தணலாகச் சூடான தகட்டில் குளிர்ந்த நீரை ஊற்றினாலும் அது தாங்குவது இதனால்தான்.

கார்னிங் 1958இல் இந்தப் பொருளால் செய்த கார்னிங்வேர் பாத்திரங்களைக் கொண்டுவந்தது. 1960களின் நடுப்பகுதியில் அதையே அடுப்பின் மேற்பரப்பாக்கியது. வெண்மையான, முழுத் தட்டையான அந்த அடுப்போடு, அடியைச் சாணைபிடித்துச் சமமாக்கிய தனிப் பாத்திரங்களையும் விற்றது. இது கவனிக்கத்தக்கது: கண்ணாடி அடுப்பு பிறந்த நாளிலேயே தனக்கு ஏற்ற அடியைக் கேட்டே பிறந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள ஷாட் நிறுவனம் 1971இல் செரான் தகட்டை அறிமுகப்படுத்தியது. இதில் படிகங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. ஆகவே தகடு ஒளியை விடும். உள்ளே உள்ளவை தெரியாதபடி வனேடியம் ஆக்சைடு அதைக் கறுப்பாக்கியது. அடியிலுள்ள சுருளின் அகச்சிவப்புக் கதிர்கள் தகட்டை ஊடுருவி நேரே பாத்திரத்தை அடைந்தன. சுமார் 4 மில்லிமீட்டர் கனமுள்ள அந்தக் கறுப்புத் தகடு ஐரோப்பாவிலும், பின்னர் அமெரிக்காவிலும் மின் அடுப்பின் இயல்பான முகமாயிற்று.

இங்கேதான் பழைய வாணலி இடறுகிறது. கண்ணாடி-செராமிக் வெப்பத்தைப் பக்கவாட்டில் மிகக் குறைவாகவே கடத்தும். சுருளுக்கு நேர் மேலே உள்ள வட்டம் மட்டும் சூடேறும். ஒரு சாண் தள்ளித் தொட்டால் கை சுடாது. அந்த வட்டத்தின் வெப்பத்தைப் பாத்திரம் உடனுக்குடன் வாங்கிக்கொள்ள வேண்டும். வெப்ப வளையம் உள்ள வாணலியை வைத்தால் வளையம் மட்டுமே தகட்டைத் தொடும். நடுவில் காற்று அடைபட்டு நிற்கும். வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சால் மெதுவாக ஏறும். வெளியேற வழியில்லாமல் தகட்டின் சூடு கூடும்போது, அடியிலுள்ள வெப்பக் கட்டுப்படுத்தி சுருளை அணைக்கும். ஆறியபின் மறுபடி ஏற்றும். தீயை முழுதாக வைத்தும் தோசை வேகவில்லை என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் இந்த அணைப்பும் ஏற்றலும்தான். விறகடுப்பின் கண்ணுக்காக அவ்வளவு அக்கறையோடு வார்த்த வளையம், கண்ணில்லாத அடுப்பில் தடையாகிவிட்டது.

வளையமில்லாத வாணலியும் கோணலாகலாம். வார்ப்பிரும்பின் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தின் நான்கில் ஒரு பங்கு, செம்பின் எட்டில் ஒரு பங்கு. சிறிய வட்டத்தின் மேல் பெரிய வாணலியை வைத்து முதலிலேயே முழுச் சூட்டையும் கொடுத்தால் நடுப்பகுதி விரியும். ஓரம் குளிர்ந்து இறுகி நிற்கும். அடி வெளியே புடைத்து, வாணலி தகட்டின் மேல் பம்பரம்போலச் சுழலத் தொடங்கும். விறகடுப்பில் இந்தப் புடைப்பு யாருக்கும் தெரியாது. கண்ணாடியில் அது உடனே தெரியும். வாணலியின் அடிக்குச் சமமான வட்டத்தைத் தேர்ந்து, குறைந்த சூட்டில் தொடங்கி, சில நிமிடங்கள் பொறுத்து ஏற்றுவதே தீர்வு.

எடை அடுத்தது. சுமார் 26 சென்டிமீட்டர் விட்டமுள்ள இன்றைய வார்ப்பிரும்பு வாணலி ஏறத்தாழ 2.3 கிலோ, மூடியோடு கூடிய பெரிய சட்டி இதைப் போல இருமடங்குக்கும் மேல். மின் அடுப்புகளுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலையில், 1.8 கிலோ எடையுள்ள சோதனைப் பாத்திரத்தை 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தட்டையாகப் பத்து முறை தகட்டின் மேல் விழச் செய்கிறார்கள், தகடு உடையக்கூடாது. ஆகவே மெதுவாக வைக்கப்படும் வாணலியின் பாரத்தை அது தாராளமாகத் தாங்கும். ஆபத்து பாரத்தில் இல்லை, விழுவதில் இருக்கிறது. ஓரம் குத்த விழுந்தால் முழு விசையும் ஒரே புள்ளியில் இறங்கும். தகடு விரிசல் விடும்.

கீறலைப் பற்றிய அச்சத்தில் இரும்புக்கு உரிய பங்கு குறைவு. கண்ணாடி-செராமிக் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. மழமழப்பான இரும்பு அதைக் கீறுவது அரிது. கீறுவது இரண்டுக்கும் இடையே சிக்கும் மணல்துகள். மணலின் குவார்ட்ஸ் தகட்டைவிடக் கடினம். அடியில் கருகி ஒட்டிய எண்ணெய்ப் பொருக்கும், வார்ப்பின் சொரசொரப்பும் அந்தத் துகள்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாணலியை இழுக்காமல் தூக்கி வைத்தால், அடியையும் தகட்டையும் துடைத்து வைத்தால், கீறல் பெரும்பாலும் விழாது. 2010களில் அமெரிக்காவில் எழுந்த ஃபீல்டு, ஸ்மித்தி போன்ற சிறு நிறுவனங்கள் சாணைபிடித்த வழவழப்பான வாணலிகளுக்குத் திரும்பியது இந்த அடுப்புகளுக்கும் நன்மையாயிற்று. எனாமல் பூசிய வார்ப்பிரும்பு, 1925 முதல் பிரான்சின் லெ க்ரூஸே நிறுவனம் செய்துவருவது, இந்த வகையில் இன்னும் சாது. எனினும் எனாமலும் கண்ணாடிதான், இழுத்தால் இரண்டும் உரசும். இரும்பைவிடத் தகட்டுக்குக் கெடுதல் செய்வது சர்க்கரை. பாகு வழிந்து தகட்டில் ஒட்டி ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பையே செதில் செதிலாகப் பிய்த்துவிடும்.

தூண்டல் அடுப்பு வந்தபோது நிலைமை தலைகீழானது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கான தூண்டல் அடுப்பைக் காட்டியது. இதிலும் மேற்பரப்பு கண்ணாடி-செராமிக்தான். ஆனால் அடியிலுள்ள கம்பிச்சுருள் சூடேறுவதில்லை. அது எழுப்பும் மாறும் காந்தப்புலம் சட்டியின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்ட, சட்டியே சூடாகிறது. அலுமினியமும் செம்பும் இதற்குப் பெரும்பாலும் ஒத்துவராது. காந்தம் ஒட்டும் உலோகம் வேண்டும். வார்ப்பிரும்பு எந்தச் சேர்க்கையும் இல்லாமல் அப்படியே பொருந்துகிறது. காந்தப்புலம் சிறு இடைவெளியைத் தாண்டும் என்பதால் பழைய வெப்ப வளையம்கூட இங்கே பெரிய குறையாவதில்லை. சுருளுக்கு மேலே உள்ள பகுதி விரைந்து சூடேறுவதால் கோணலாகும் ஆபத்து மட்டும் கூடுதல். இங்கும் பொறுத்தே சூட்டை ஏற்ற வேண்டும்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் மின் அடுப்பில் சமைக்கும் தமிழர் வீடுகளில் இந்த வரலாறு தோசைக்கல்லின் வழியே தொடர்கிறது. விறகுக்கும் எரிவாயுவுக்கும் வார்த்த கற்களில் பல சற்றே குழிந்தவை, அடியில் தட்டையில்லாதவை. தூண்டல் அல்லாத, அகச்சிவப்புக் கதிரால் சூடேற்றும் கதிர்ச்சுருள் அடுப்பில் அவை நடுவில் மட்டும் முறுகும், ஓரத்தில் வேகாது. கல்லைத் தட்டையான பலகையில் கவிழ்த்து வைத்து ஓர் அளவுகோலால் அடியைச் சோதித்து, ஒளிக்கீற்று தெரியாத கல்லை எடுத்தால் கண்ணாடியிலும் எரிவாயுவில் வார்த்ததற்குக் குறையாத தோசை வரும். குழிப்பணியாரச் சட்டிக்கு அந்த வழி இல்லை. குழிகளின் உருண்டை அடிகள் தகட்டைப் புள்ளிகளாகவே தொடும். கதிர்ச்சுருள் அடுப்பில் ஓரக் குழிகள் எப்போதும் பின்தங்கும். அந்த வீடுகளுக்காக, மேலே குழிகளும் அடியில் முழுத் தட்டையுமாக வார்த்த பணியாரச் சட்டிகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன.